சுரங்க மீட்புப் போட்டிக்கு அணியை ஆயத்தப்படுத்துதல்

பாவனை விபத்தில் சிக்கியவர்களை அணிகள் மீட்டுக் காட்டும், அமெரிக்காவில் நடைபெறும் சுரங்க மீட்புப் போட்டிகளின் மரபு, 1911இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த தேசியச் செயல்விளக்கம்வரை பின்னோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு தவறுக்கும் நடுவர்கள் தண்டப் புள்ளி இடுவதால், குறைந்த புள்ளி பெறும் அணியே வெல்கிறது. ஆகவே வேகத்திற்கு முன் ஒழுங்கைப் பழக்குங்கள்.

நுழைவதற்கு முன், தூய காற்றுத் தளத்தில் (நல்ல காற்றுள்ள, மீட்பு தொடங்கும் இடத்தில்) அனைவரின் மூச்சுக் கருவிகளையும் சோதிக்க வேண்டும். தலைவர் முன்னே சென்று கூரையைத் தட்டிப் பார்த்து, அது இடிந்து விழாது என உறுதிசெய்த பின்னரே மற்றவர்கள் தொடர வேண்டும். வாயு அளப்பவர் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் அளவுகளைச் சொல்லச் சொல்ல, வரைபடக்காரர் உடனுக்குடன் குறிக்க வேண்டும்.

காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால், காற்றோட்டத்தை மாற்றினால் அக்கலவை எங்கே தள்ளப்படும், அவ்வழியில் தீயோ உயிருடன் சிக்கியவரோ உண்டா என்று வரைபடத்தில் ஆராயாமல் காற்றின் வழியை அடைக்கும் ஒரு தடுப்பைக்கூடத் திறக்கவோ கட்டவோ கூடாது. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். உண்மையான விபத்திலும் மீட்க வந்தவர்களின் உயிரைக் காப்பது இந்த ஆராய்ச்சியே.

காயமுற்றவரைக் கண்டால், நச்சுக் காற்றில் அவருக்கும் மூச்சுக் கருவி பொருத்திய பிறகே தூக்குப்படுக்கையில் ஏற்றுங்கள்.