கண்ட்ரோல் அறை, பேனல், பாயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலோ ஈரோட்டிலோ வண்டி கொஞ்ச நேரம் நின்றால் போதும், "சேலம் கண்ட்ரோல்ல சிக்னல் குடுக்கலீங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்த வண்டி முந்த வேண்டும், எது லூப் லைனில் (நிலையத்தின் பக்கத் தடத்தில்) ஒதுங்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் சேலம் கோட்டத்தின் செக்‌ஷன் கண்ட்ரோலர். சிக்னலை இயக்கும் பலகையான பேனலில் பொத்தானை அழுத்துபவர் பெரும்பாலும் அந்தந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். கண்ட்ரோலரே பல நிலையங்களின் சிக்னலையும், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டையும் தொலைவிலிருந்து இயக்கும் சி.டி.சி. (சென்ட்ரலைஸ்டு டிராஃபிக் கண்ட்ரோல்) முறை 1927-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் தொடங்கியது. நம் நாட்டில் அதற்கு உத்தரப் பிரதேசத்தின் டுண்ட்லாவில் ஒரு மையம் உண்டு.

பொத்தான் யார் கையில் இருந்தாலும் சிக்னல் அவர் சொன்னபடி மாறிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பொத்தான் கேட்க மட்டும்தான் செய்கிறது. முடிவு, சிக்னலையும் பாயிண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டும் அந்த நிலையத்து இன்டர்லாக்கிங் கருவியுடையது. இருகூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டிலிருந்து வரும் தடம் அங்கே கோவைக்கும் நேராகப் போத்தனூருக்கும் பிரிகிறது. போத்தனூர் பக்கம் வழி கேட்டால், தடம் காலியா, பாயிண்ட் அந்தப் பக்கம் திரும்பிப் பூட்டியிருக்கிறதா, குறுக்கே வேறு வண்டிக்கு வழி கொடுத்திருக்கிறதா என்றெல்லாம் கருவி பார்க்கும். ஒன்று குறைந்தாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும்.

பாயிண்ட் அடையாளம் பேனலில் மின்னிக்கொண்டே இருந்தால் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பது இன்னொரு தவறு. நகரும் தண்டவாளம் நிலையான தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவே 5 மி.மீ. தகட்டை வைத்துச் சோதிக்கும்போது பாயிண்ட் பூட்டவே கூடாது என்பது விதி. ஒரு ஜல்லிக் கல் சிக்கினாலே போதும், பேனலில் மின்னும். அப்போது ஆளை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். மோட்டார் ஓடாவிட்டால் கிராங்க் ஹேண்டிலால் சுற்றி, கிளாம்ப் போட்டுப் பூட்டி, எழுத்து மூலம் அனுமதி கொடுத்து வண்டியை மெதுவாக நகர்த்துவார்கள். பத்து நிமிடம் போகும். போகட்டும்.

கொடுத்த சிக்னலை அவசரத்தில் பறிப்பதும் ஆபத்து. பச்சையைப் பார்த்து 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான், வண்டி நெருங்கிய பிறகு வழியை ரத்து செய்தால் சிக்னல் உடனே சிவப்பாகும், ஆனால் பாயிண்ட் பூட்டு 120 விநாடி கழித்துத்தான் விடுபடும். ஒவ்வொரு ரத்தையும் கவுண்டர் எண்ணி வைக்கும், பதிவேட்டிலும் எழுத வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று நினைப்பவர் பேனலில் உட்காரக் கூடாது என்பேன்.

ஆக்சில் கவுண்டர் உள்ளே போன சக்கரங்களையும் வெளியே வந்தவற்றையும் எண்ணும். கணக்கு இடித்தால் தடத்தில் வண்டி இருப்பதாகவே காட்டும். கடைசிப் பெட்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை இருக்கிறதா, வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் ரீசெட் செய்து கணக்கைப் பூஜ்யமாக்கினால், கழன்று நிற்கும் பெட்டி மேல் அடுத்த வண்டியை ஏற்றுவதாகிவிடும்.

போனில் பேசும்போது எண்ணை அரைகுறையாகச் சொல்வதும் கூடாது. கோவை எக்ஸ்பிரஸ் கோவைக்கு வரும்போது 12675, சென்னைக்குத் திரும்பும்போது 12676. கடைசி எண்ணை விழுங்கினால் திசையே மாறிப்போகும். செய்தியை உறுதிப்படுத்தும் பிரைவேட் நம்பர் என்ற எண்ணை வாங்கித் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

எல்லாவற்றிலும் கொடியது, பழுது பார்த்த பிறகு முழுச் சோதனை செய்யாமல் "எல்லாம் சரி" என்று ஒப்படைப்பது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பகநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை விழுந்தது. பாயிண்ட் திரும்பியிருந்ததோ லூப் லைனுக்கு, அங்கே சரக்கு வண்டி நின்றிருந்தது. 290-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டுக்கான வேலையிலும் நடந்த குறைபாடுகளை விசாரணை காட்டியது. சந்தேகப்பட்டுச் சரிபார்க்க வேண்டிய கருவியிடமே தப்பான செய்தி போய்விட்டால், பேனலில் இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. அதனால் ஒயரைத் தொட்டவர், பாயிண்டை இருபக்கமும் திருப்பி, தடத்தில் நின்று கண்ணால் பார்த்து, பேனலில் காட்டுவதோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. கேட்டில் நின்றுகொண்டு "வண்டியே காணோம், தொறங்க" என்று கேட் கீப்பரிடம் சத்தம் போடுவதை விட்டுவிடலாம். சிக்னலோடு இணைத்த கேட்டில், பூட்டினால்தான் வண்டிக்குச் சிக்னல் விழும். விழுந்த பிறகு அவர் நினைத்தாலும் உடனே திறக்க முடியாது.