டென்மார்க் அரசன் மகளின் கதையை வாசிகசாலையில் பேசுவது எப்படி

வாசிகசாலை ஆண்டு விழாவில் பேச இடம் கிடைத்து, லியோனோரா கிறிஸ்தினாவைத் தலைப்பாக எடுத்திருக்கிறீர்களா? சிறையில் மட்டும் தொடங்காதீர்கள். 22 வருடம் அடைத்து வைத்தார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் சபை "ஐயோ பாவம்" என்று முடிவு கட்டிவிடும், அப்புறம் என்ன சொன்னாலும் ஏறாது.

தாயின் கலியாணத்தில் தொடங்குங்கள். 1615இல் இவளுடைய தகப்பன், டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியான், கிர்ஸ்டன் முங்க் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். முறையான கலியாணம்தான், ஆனால் அவளுக்கு அரசிப் பட்டம் இல்லை, பிள்ளைகளுக்கு அரியணை உரிமையும் இல்லை. "அப்ப வைப்பாட்டியோ?" என்று முன்வரிசையில் யாராவது கேட்பார்கள், இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு நகருங்கள். அரசனின் செல்ல மகள், ஆனால் இளவரசி இல்லை: பின்னால் வரும் வில்லங்கமெல்லாம் இதில்தான் முளைக்கிறது.

ஆண்டுகள் மனதில் நிற்க நம்மூர்க் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1620இல் இதே கிறிஸ்தியானின் ஆட்கள் எதிர்க்கரையில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். 1621இல் இவள் பிறந்தாள்.

நடுப்பகுதியை ஓட்டிவிடலாம். 15 வயதில் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட்டைக் கட்டினாள், அவன் நாட்டின் தலைமை அமைச்சன் அளவுக்கு உயர்ந்தான். 1648இல் தகப்பன் சாக, மூத்த தாரத்து மகன் மூன்றாம் பிரெடரிக் அரசனானான். அவன் மனைவி சோஃபி அமாலியாவுக்கும் இவளுக்கும் ஆகவே ஆகாது. 1651இல் புருசனும் பெண்சாதியும் நாட்டைவிட்டு ஓடினார்கள். உல்ஃபெல்ட் சுவீடனோடு சேர்ந்ததை மட்டும் மறைக்காதீர்கள். 1658இல் டென்மார்க் பெருநிலத்தை இழந்த உடன்படிக்கையில் எதிர்த்தரப்பில் இருந்து பேரம் பேசியவனே அவன்தான். (ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் அதே ஆண்டு.)

1663க்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்ல்ஸ் தங்களிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்கப் போனவளை, டோவரில் பிடித்து டென்மார்க்கிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கோப்பன்ஹேகன் அரண்மனையின் நீலக் கோபுரத்தில், வழக்கும் இல்லாமல் தீர்ப்பும் இல்லாமல் அடைத்தார்கள். புருசன் கைக்குக் கிடைக்காததால் அவன் உருவப் பொம்மைக்குத் தலை வெட்டினார்கள். எழுதத் தாள் கொடுக்காதபோது சீனி சுற்றி வந்த தாளை எடுத்து வைத்தாள், மெழுகுதிரிப் புகைக்கரியைப் பியரில் கரைத்து மை ஆக்கினாள். இந்த இடத்தைப் பார்த்து வாசிக்காமல் சபையை நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். 1670இல் பிரெடரிக் செத்தபிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் சோஃபி அமாலியா 1685இல் சாகும்வரை கதவு திறக்கவில்லை. செத்து சில மாதத்தில் விட்டுவிட்டார்கள்.

அவள் எழுதிய சிறை நினைவுகள் 1869இல்தான் அச்சேறின. நல்ல எழுத்து, ஆனால் அது அவள் தரப்பு வாக்குமூலம், புருசனை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அதனால் "அவள் சொல்கிறாள்" என்று சேர்த்தே பேசுங்கள், யாராவது குறுக்குக் கேள்வி கேட்டாலும் தப்பலாம்.

டென்மார்க்கில் சொந்தக்காரர் இருந்தால் விழாவுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லி வையுங்கள்: இப்போதைய பாராளுமன்றக் கட்டடமான கிறிஸ்தியான்ஸ்போர்க்கின் அடியில் பழைய அரண்மனையின் இடிபாடுகளைப் பார்க்க விடுகிறார்கள், நீலக் கோபுரத்தின் அத்திவாரமும் அங்கேதான் இருக்கிறது, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.