‘தகவமைத்துக்கொண்டது’ என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு

போன மாதம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் நான்காம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில். “ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்காகத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது” என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் பத்து வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே வாக்கியம், கிடைத்த அதே தலையாட்டல்.

பரிணாமத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்தான் இங்கே விஷயம். ‘குரங்கு மனிதனாக மாறியது’ மாதிரியானவற்றை எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

‘கொண்டது’ என்ற வால்

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். தமிழில் ‘கொள்’ சேர்ந்தாலே காரியத்தைத் தனக்காகத் தானே செய்த மாதிரி ஆகிவிடும். சட்டையை மாற்றிக்கொண்டான், தலையை வாரிக்கொண்டாள். அந்த வரிசையில் ‘பூச்சி நிறத்தை மாற்றிக்கொண்டது’ என்றால் குழந்தை என்ன நினைக்கும்? பூச்சி ஒருநாள் காலையில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தது என்றுதான். போதாக்குறைக்கு ‘வாழ்வதற்காக’ என்று ஒரு நோக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அப்படிச் சொல்லித் திரிந்த காலத்தில் ஒரு பையன் கேட்டான்: “அப்போ டோடோ மட்டும் ஏன் சார் மாத்திக்கல? சோம்பேறியா?” மொரீஷியஸ் தீவில் மனிதர்களும், அவர்கள் கப்பலில் வந்த எலி, பன்றிகளும் சேர்ந்து அழித்த பறவை கடைசியில் சோம்பேறிப் பட்டம் வாங்கியது. நான் சிரித்து மழுப்பினேன். இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் பார்த்தேன். பாடம் மறந்திருந்தது, ‘மாத்திக்கிச்சு’ மட்டும் மறக்கவில்லை. அதை அவர்கள் மனதிலிருந்து எடுக்க எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

இப்போது நெருஞ்சி முள்ளிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலில் குத்தாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. அங்கேயும் நெருஞ்சியின் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு. அதன் காயும் முள்ளோடு கட்டியாக இருக்கும், விதை உள்ளே. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் அந்தத் தீவின் ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோய், பெரிய கெட்டி விதைகள்தான் மிச்சம். குருவிகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. தப்பியவற்றில் தடித்த அலகுள்ளவையே அதிகம், ஏனென்றால் முள்காயை உடைக்க அவற்றால்தான் முடிந்தது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: ஏதாவது ஒரு குருவிக்காவது அலகு வளர்ந்ததா? இல்லை. தடித்த அலகு பஞ்சத்துக்கு முன்னாலேயே சில குருவிகளுக்கு இருந்தது. அடுத்ததாக, எல்லோரும் விட்டுவிடும் வரி: அலகு அப்பா அம்மாவிடமிருந்து குஞ்சுக்கு வருவது. அதனால் அடுத்த தலைமுறையின் சராசரி அலகு கொஞ்சம் தடித்தது. எவ்வளவு என்று பிள்ளைகள் கையை விரித்துக் காட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்று ஸ்கேலில் காட்டுங்கள்.

‘தேர்வு’ பரீட்சை ஆகிவிடும்

“இயற்கைத் தேர்வுக்கு யார் சார் கொஸ்டின் பேப்பர் எடுப்பாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்கும். டாஃப்னேயில் நடந்ததற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. ஆனால் சின்ன வகுப்பில் அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். கதை முதலில், பெயர் அப்புறம்.

பச்சோந்தி

வேண்டாம். அது நிறம் மாறுவது ஒரே பிராணியின் உடம்பில், சில நிமிடங்களில். தலைமுறை தாண்டி வரும் மாற்றம் அல்ல.

விளையாட்டை ஒரே சுற்றில் முடிப்பது

செம்மண் தரையில் ஐம்பது கொள்ளு, ஐம்பது வெள்ளை உளுந்து தூவி, பிள்ளைகளைக் குருவிகளாக விட்டுப் பொறுக்கச் சொல்வது நல்ல விளையாட்டு. ஆனால் பலர் ஒரு தடவை பொறுக்கியதும் ‘பாருங்க, கொள்ளு தப்பிச்சிருச்சு’ என்று கடையைக் கட்டிவிடுகிறார்கள். அதில் சாவுதான் இருக்கிறது, பிறப்பு இல்லை. மிஞ்சிய ஒவ்வொரு விதைக்கும் அதே ரகத்தில் ஒரு குட்டி சேர்த்து மறுபடி தூவுங்கள். மூன்றாவது சுற்றில் உளுந்தைத் தேட வேண்டியிருக்கும்.

கொள்ளுதான் ஒசத்தி என்று முடிப்பது

டாஃப்னேயில் 1983இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்து மழை கொட்டித் தீர்த்தது. சின்ன விதைகள் தீவை நிறைத்தன. அதற்குப் பிறகு வந்த வறட்சியில் சிறிய அலகுள்ள குருவிகளே அதிகம் தப்பின. 1977இல் கைகொடுத்த பெரிய அலகு அப்போது உதவவில்லை.

அதனால் நாலாவது சுற்றுக்கு நான் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் தூவுவேன். கொள்ளு ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும், நிமிடத்தில் காலி. அதுவரை கொள்ளுக் கட்சியில் இருந்த ஒரு பெண் போன வாரம் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்: “போங்காட்டம் சார்! தரையை ஏன் மாத்துனீங்க?”