விரிசல் எவ்வளவு வேகமாக வளரும்?

சீனன்குடாப் பட்டறையில் நான் முதலில் கேட்பது விரிசலின் நீளத்தை அல்ல. கொதிகலன் ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் சூட்டில் நிற்கிறது என்பதைத்தான். நீளத்தைச் சாயம் பூசி அளந்துவிடலாம், ஆழத்துக்கு மீயொலி வேண்டும்.

விரிசல் வளர்ச்சியைக் கணக்கிட உதவும் பாரிஸ் விதிப்படி, ஒரு சுற்றுக்கான, அதாவது சுமை ஒருமுறை ஏறி இறங்குவதற்கான வளர்ச்சி, தகைப்புச் செறிவு வீச்சின் (விரிசல் நுனியில் குவியும் தகைப்பு, அதாவது உள்விசை, ஏறி இறங்கும் அளவின்) அடுக்காக ஏறும். சாதாரண உருக்குக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 3. வீச்சு 10% கூடினாலே வளர்ச்சி 33% கூடிவிடும். விரிசல் நீள நீள வீச்சும் கூடுவதால், அரை மில்லிமீற்றர் அரை மில்லிமீற்றராகக் கணக்கிடுங்கள். ஒரேயடியாகப் பெருக்கி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்கு மேல் காபன் உருக்கு சுமையில் மெல்ல ஊர்ந்து நீளும். சூட்டில் நிற்கும் நேரத்துக்கான ஊர்வு வளர்ச்சியைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அறை வெப்பநிலைக்கான பாரிஸ் விதி மாறிலிகள் அங்கே உதவாது. அதனால், பதிவேட்டில் கொதிகலனைத் தொடக்கிய நேரத்தை மட்டும் குறிக்கும் தம்பிமாரிடம், நிறுத்திய நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.