தானியங்கி எஸ்பிரசோ மெஷின் வாங்கியாச்சா? தண்ணீர், கொட்டை, கழுவல்

பட்டனைத் தட்டியதும் கொட்டையை அரைத்து, தூளை அழுத்தி, வெந்நீரைப் பாய்ச்சி, சக்கையை உள்ளே இருக்கும் டப்பாவில் தள்ளிவிடும் மெஷினைப் பற்றியது இது. டெலாங்கி மேக்னிஃபிகா, பிலிப்ஸ் 3200, யூரா எல்லாம் இந்த வகைதான். காபி போடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எந்தத் தண்ணீர் ஊற்றுவது, எந்தக் கொட்டை போடுவது, எதை எப்போது கழுவுவது என்பதெல்லாம் உங்கள் தலையில். மெஷின் ரிப்பேருக்குப் போனால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கரண்ட், இடம்

இந்த மெஷின்கள் பொதுவாக 1450 முதல் 1500 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் அளவு. மிக்சி சொருகும் 6 ஆம்ப் பிளக்கில் போடாதீர்கள்; ஏசி, கீசருக்கு வைக்கும் 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும். பெட்டியில் ஐரோப்பிய உருண்டை முள் பிளக் இருந்தால் எர்த் இணைப்புள்ள 16 ஆம்ப் அடாப்டர் வாங்குங்கள். பயணத்துக்கு விற்கும் மலிவு அடாப்டர் பலவற்றில் எர்த் வராது. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பொருளில் எர்த் இல்லாமல் விளையாடக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவும் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது. இறக்கிக் கொடுக்க 2000 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டியிருக்கும். அந்த டிரான்ஸ்பார்மரும் நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இங்கேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் புகை படியும். மேலே கொட்டை கொட்டவும், பக்கவாட்டில் ப்ரூ யூனிட் (தூளை அழுத்தி வெந்நீர் பாய்ச்சும் பகுதி) கதவைத் திறக்கவும் ஒரு சாண் இடமாவது விடுங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் வாராவாரம் கழுவ மனசு வராது.

தண்ணீர்

கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவலாம். மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டரில் தண்ணீர் ஓடும் பாதை குறுகலானது. அங்கே கை போகாது. படிவு ஏற ஏற பம்ப் சத்தம் கூடும், காபி மெதுவாக வரும், சூடு குறையும், நீராவி இளைத்துப்போகும்.

லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் கடினத் தண்ணீர் என்றும், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்றும் கணக்கு. இந்தியக் குடிநீர்த் தரம் 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆக, குடிக்க நல்ல தண்ணீரே மெஷினுக்கு எமனாக இருக்கலாம். போர் தண்ணீரை நேராக ஊற்றும் பேச்சே வேண்டாம்.

பெட்டியில் ஒரு சோதனைத் தாள் இருக்கும். அதை ஒரு நொடி தண்ணீரில் முக்கி, உதறி, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். எத்தனை கட்டம் நிறம் மாறியிருக்கிறதோ அந்த எண்ணை மெஷினின் கடினத்தன்மை அமைப்பில் போட வேண்டும். மெஷின் உள்ளே படிவை நேரில் பார்ப்பதில்லை. எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதையும் நீங்கள் கொடுத்த எண்ணையும் வைத்துத்தான் டீஸ்கேல் (படிவு நீக்கும்) விளக்கை எரிய விடுகிறது. எண்ணைக் குறைத்துக் கொடுத்தால் விளக்கு எரிவதற்குள் ஹீட்டர் அடைத்துவிடும்.

வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீரே போதும். ஆனால் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 20, 30 என்று வந்தால் காபி சப்பென்று, புளிப்புத் தூக்கலாக இருக்கும். கொட்டையின் சுவையை இழுத்துவர தண்ணீரில் கொஞ்சம் தாது வேண்டும். டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருந்தால் 80 முதல் 120-க்குள் வையுங்கள். ஒன்று கவனம்: டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. அதற்கு அந்தத் தாள்தான். சாஃப்ட்னர் போட்ட அபார்ட்மென்ட் தண்ணீரில் படிவு குறைவுதான். ஆனால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும், காபியில் அது தெரியும்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் வீட்டில் டாங்கிக்குள் போடும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் வெட்டிச் செலவு. டாங்கித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாள் நின்றாலே அடியில் வழவழப்புத் தட்டும்.

டீஸ்கேல்

விளக்கு எரிந்ததும் செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மின்தடை அறிவிக்காத நாளாகப் பார்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பாதியில் கரண்ட் போனால் பல மெஷின்கள் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

டாங்கியிலிருந்து ஃபில்டரை எடுத்துவிட்டு, சொட்டுத் தட்டையும் சக்கை டப்பாவையும் காலி செய்யுங்கள். டீஸ்கேல் திரவத்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி கலக்குங்கள். டெலாங்கி திரவம் என்றால் 100 மி.லி.க்கு ஒரு லிட்டர் தண்ணீர். காபிக் குழாய்க்கும் நீராவிக் குழாய்க்கும் அடியில் இரண்டு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் வையுங்கள். மெனுவில் டீஸ்கேலைத் தொடங்கினால் மெஷின் விட்டுவிட்டு ஊற்றும். நடுவில் நின்றுவிட்டதாகத் தோன்றும். அது அமிலத்தை ஊறவிடும் நேரம், கை வைக்காதீர்கள். முடிந்ததும் டாங்கியைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, அலசும் சுற்றை முழுதாக ஓட்டுங்கள். இன்னொரு டாங்கி ஓட்டினால் நிம்மதி.

வினிகர் வேண்டாம். ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாடை நாட்கணக்கில் போகாது. எலுமிச்சை உப்பு மலிவுதான். ஆனால் சூட்டில் அது கால்சியத்துடன் சேர்ந்து கரையாத கால்சியம் சிட்ரேட் ஆகலாம். கரைக்கப் போய் புதிதாகப் படிய வைத்த கதையாகும். லாக்டிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ உள்ள திரவத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

கொட்டை

நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான்: ஃபில்டர் காபித் தூளைத் தூள் போடும் துளையில் போடுவது. அதில் சிக்கரி இருக்கும். சட்டப்படி 49 சதவீதம் வரை இருக்கலாம். வறுத்த சிக்கரியின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து பிசுபிசுக்கும். பித்தளை ஃபில்டரில் அது திக்கான டிகாக்‌ஷன் தரும், மெஷினின் நுண்சல்லடையில் கோந்து மாதிரி அடைக்கும். சிக்கரி இல்லாத தூளாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்தான், அதுவும் மெஷினில் தூள் அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு. இன்ஸ்டன்ட் தூளைப் போடவே கூடாது.

கொட்டை நடுத்தர வறுவலாக இருக்கட்டும். கையில் எடுத்தால் எண்ணெய் ஒட்டக் கூடாது. கறுத்து மினுங்கும் கொட்டை ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டியின் நடுவில் குழி விழுந்து நிற்கும். கொட்டை இருக்கும்போதே மெஷின் "கொட்டை இல்லை" என்று கத்தும். சர்க்கரைப் பூச்சு, வாசனை சேர்த்தது எதுவும் ஆகாது. வறுத்துக் கொடுக்கும் கடையில் அராபிகா கொட்டையில் பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி கேளுங்கள், கூடவே ரோபஸ்டா 20, 30 சதவீதம் கலக்கச் சொல்லுங்கள். நுரையும் கனமும் கூடும், பாலில் காபி காணாமல் போகாது. வறுத்த தேதியிலிருந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

தொட்டியில் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். மூடி காற்றுப் புகாதது போலத் தெரியும், அப்படி இல்லை. போடும் முன் தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒரு பார்வை பாருங்கள். கிரைண்டர் என்றதும் மாவாட்டும் கிரைண்டர் நினைவுக்கு வரும்; இது உள்ளங்கையில் அடங்கும் பல்சக்கரம். ஒரு சிறு கல் போதும், கீச்சென்று நின்றுவிடும்.

அரைப்பு, அளவு

அரைப்புக் குமிழை கிரைண்டர் ஓடும்போது மட்டும் திருப்புங்கள். நின்றிருக்கும்போது பொடியாக்கும் பக்கம் திருப்பினால் பற்களுக்கு இடையே கொட்டை நசுங்கி இறுகும். ஒரு தடவைக்கு ஒரு எண். மாற்றியதன் பலன் உடனே தெரியாது, பழைய தூள் பாதையில் மிச்சம் இருக்கும். இரண்டு காபி கழித்துச் சுவைத்து முடிவு செய்யுங்கள். புது மெஷினில் முதல் நாலைந்து காபியை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

ஒரு கப் எஸ்பிரசோ 35 முதல் 40 மி.லி. வரவேண்டும், 20 முதல் 30 நொடியில். அவசரமாக, வெளிறி வந்தால் அரைப்பு கொரகொரப்பாக இருக்கிறது, ஒரு எண் பொடியாக்குங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் ஒரு எண் கொரகொரப்பாக்குங்கள். அப்புறம்தான் தூள் அளவு, வெப்பநிலை எல்லாம். வெப்பநிலையை உச்சத்தில் வைத்தாலும் தடித்த பீங்கான் கப் சூட்டைக் குடித்துவிடும். கப்பில் முதலில் வெந்நீர் பிடித்துக் கொட்டுங்கள், வித்தியாசம் பாருங்கள்.

பெட்டியில் போட்ட 15 பார், 19 பார் பம்ப்பின் உச்ச அழுத்தம். தூள் மேல் எஸ்பிரசோவுக்குத் தேவை 9 பார் அளவுதான். அந்த எண்ணுக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

கம்பெனி அமைப்பில் "பெரிய காபி" 100 மி.லி.க்கு மேல் வரும். ஏழெட்டு கிராம் தூளில் அவ்வளவு தண்ணீர் ஓடினால் கடைசிப் பாதி வெறும் கசப்பு. டம்ளர் காபி வேண்டுமென்றால் அளவைக் கூட்டாமல் 35 மி.லி. எஸ்பிரசோவை இரண்டு தடவை எடுத்து, 100 மி.லி. சூடான பாலில் ஊற்றி ஆற்றுங்கள். டிகாக்‌ஷன் சுவை அப்படியே வராது, சிக்கரி இல்லையே. ஆனால் குடித்த திருப்தி வரும்.

பால்

பால் நுரைக்க வேண்டுமானால் குளிர்ந்த பால்தான், நாலைந்து டிகிரியில். நம் வழக்கப்படி காய்ச்சி ஆறவைத்த பாலில் ஆடை இருக்கும். தானாகப் பால் இழுக்கும் மெஷினில் அது நுண்துளையை அடைத்துவிடும். பாக்கெட் பால் பதப்படுத்தியதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் காய்ச்சாமலே ஊற்றலாம், நீராவி அதை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கும். கறந்த பால் என்றால் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, குளிரவைத்த பிறகு. கொழுப்பு 3 சதவீத டோன்ட் பாலில் நுரை எளிதாக எழும்பும், 6 சதவீதப் பாலில் சுவை கூடும்.

கடைசிக் கப் எடுத்த கையோடு பால் பாதையை அலசுங்கள். அரை மணி நேரம் விட்டாலே உள்ளே காய்ந்து பிடிக்கும். நுரை வருவது திடீரென்று நின்றால் காற்று இழுக்கும் குட்டித் துளையை ஊசியால் சுத்தம் செய்து பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

வாராவாரம்

சக்கை டப்பாவை மெஷின் ஆனில் இருக்கும்போதே காலி செய்யுங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கொட்டினால் பல மெஷின்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது, டப்பா காலியாக இருக்கும்போதே நிரம்பிவிட்டது என்று சொல்லும். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மூன்றாம் நாளே பூஞ்சை பூக்கும். விளக்கு எரியக் காத்திருக்காமல் தினமும் கொட்டுவதே மேல். சொட்டுத் தட்டில் தண்ணீர் சேர்வது ஒழுகல் இல்லை. அலசிய நீரும், ப்ரூ யூனிட் விடுவிக்கும் அழுத்த நீரும் அங்கேதான் வரும்.

ப்ரூ யூனிட் கழற்றக்கூடியதாக இருந்தால் (யூராவில் முடியாது, அதற்குக் கழுவும் மாத்திரைதான்) மெஷினை அதன் பட்டனாலேயே ஆஃப் செய்யுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தாலோ கரண்ட் போனாலோ யூனிட் பாதி வழியில் நிற்கும். அப்போது பிடித்து இழுத்தால் கொக்கி உடையும். மறுபடி ஆன் செய்து, அது தன் இடத்துக்குப் போனதும் ஆஃப் செய்து எடுங்கள். வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும். சோப்பு கூடாது, உராய்வைக் குறைக்கும் கிரீஸ் போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் "டக்" என்று சத்தம் கேட்கும்வரை தள்ளிப் பொருத்துங்கள். உள்ளே கொட்டிக் கிடக்கும் தூளை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை, கையேட்டில் காட்டிய இடங்களில், உணவுத் தர சிலிகான் கிரீஸை பட்டாணி அளவு தடவுங்கள். யூனிட் முனகினாலோ பாதியில் நின்றாலோ முதல் சந்தேகம் காய்ந்த ரப்பர் வளையம். தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. சிக்குப் பிடித்து நாறும்.

சக்கை வில்லை சேறாக விழுந்தால் தூள் அளவு குறைவு அல்லது அரைப்பு கொரகொரப்பு. காபி நன்றாக இருந்தால் சக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது கொட்டைத் தொட்டி, டாங்கி, சக்கை டப்பா எல்லாவற்றையும் காலி செய்து, ப்ரூ யூனிட்டைக் கழற்றி வெளியே காயவைத்து, சொட்டுத் தட்டைத் துடைத்துவிடுங்கள். வெதுவெதுப்பும் ஈரமும் இனிப்பான பால் வாடையும் கரப்பான் பூச்சிக்குச் சொர்க்கம். சர்க்யூட் போர்டில் குடியேறிவிட்டால் செலவு பெரிது. மெஷின் மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள், அந்த மருந்து காற்றுத் துளை வழியாகக் காபிப் பாதைக்கே போகும். பிளக்கைப் பிடுங்கி, சுற்றிலும் மேடையைத் துடைத்து, ஜெல் மருந்தைக் கொஞ்சம் தள்ளி மூலைகளில் வையுங்கள். திரும்பி வந்ததும் ஒரு டாங்கி தண்ணீரை வெந்நீராக ஓட்டிவிட்டு முதல் காபியைப் போடுங்கள்.