எம்-1 கேரண்ட் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்ட எம்-1 கேரண்ட் ரைஃபிள் இன்றும் அந்த நாட்டில் சாதாரண மக்களின் வீடுகளில் இருக்கிறது. கனடாவில் பிறந்த ஜான் கேரண்ட், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் வேலை பார்த்தபோது வடிவமைத்தது. 1957 வரை சுமார் 54 லட்சம் செய்தார்கள். கிரீஸ், டென்மார்க் போன்ற நட்பு நாடுகளுக்குக் கொடுத்தவற்றில் பல திரும்பி வந்து, மக்களிடையே துப்பாக்கி சுடும் பயிற்சியை வளர்க்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் (சிஎம்பி) என்ற அமைப்பு வழியாக அமெரிக்கக் குடிமக்களுக்கு விற்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் என இரண்டு போர்களைத் தாண்டி வந்த ஒரு துப்பாக்கி இப்போது சொந்தக்காரர் கையில் கெட்டுப்போவதைப் பார்த்தால் மனசு பொறுப்பதில்லை. ராணுவம் இதற்கென்று ஒரு வகைத் தோட்டா, ஒரு கிரீஸ், ஒரு பராமரிப்பு முறை வைத்திருந்தது. இன்றைய துப்பாக்கிக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்யலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, இந்தத் துப்பாக்கியின் தோட்டா அளவான ".30-06" என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதும் என்று எந்தத் தோட்டாவையும் போடுவது. தோட்டா அறைக்குள் சரியாகப் பொருந்தும், வெடிக்கவும் செய்யும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். கேரண்டில் குழலின் முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. குண்டு அந்த இடத்தைத் தாண்டியதும் வாயுவின் ஒரு பகுதி துளை வழியாகச் சிலிண்டருக்குள் போய், ஆப்பரேட்டிங் ராட் என்ற நீளமான கம்பியைப் பின்னால் தள்ளும். அந்தக் கம்பிதான் தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ராணுவத்தின் வழக்கமான எம்-2 பால் (ball) தோட்டாவில் குண்டின் எடை ஏறக்குறைய 150 கிரெயின் (பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு). வெடிமருந்து வேகமாக எரிந்து முடிவதால், குண்டு துளையை எட்டும்போது அழுத்தம் ஓரளவு இறங்கியிருக்கும். வேட்டைக்கென்று விற்கும் இன்றைய தோட்டாக்கள் பலவற்றில் குண்டு கனமானது, மருந்து மெதுவாக எரிவது. துளையை எட்டும்போதும் அழுத்தம் இறங்காமல் நிற்கும். கம்பி வேண்டியதைவிட வேகமாகப் பின்னால் பாயும். நாளடைவில் கம்பி வளையலாம், போல்ட் ஓடும் நடு உடலான ரிசீவரின் பின்பக்கம் அடி வாங்கலாம்.

கேரண்டுக்கென்றே தயாரித்த தோட்டாவை வாங்குவதுதான் நேர்வழி. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் ஐஎம்ஆர் 4895 போன்ற மருந்தையும் 150 கிரெயின் அளவிலான குண்டையும் வைத்து, கேரண்டுக்கென்று அச்சிட்ட அளவு அட்டவணையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வாயுச் சிலிண்டரின் முனையை மூடும் கேஸ் பிளக், அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வைத்ததாகக் கடையில் கிடைக்கிறது, உதவியும் செய்யும். ஆனால் அதை மாட்டிவிட்டால் எதையும் சுடலாம் என்ற துணிச்சல் வேண்டாம்.

விலை குறைவு என்று பழைய ராணுவத் தோட்டா வாங்குகிறவர்களுக்கு வேறு தலைவலி. 1950-களின் முற்பகுதி வரை வந்த அமெரிக்க .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமரில், அதாவது மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் ஒரு உப்பு படியும், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். இங்கே பலரும் ஏமாறுகிறார்கள்: சுட்டு முடித்ததும் நன்றாக எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வைத்துவிடுகிறார்கள். எண்ணெயில் உப்பு கரையாது. தண்ணீரில்தான் கரையும். அன்றைக்கே சுடுதண்ணீரால் குழலையும் வாயுச் சிலிண்டரையும் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் பூச வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஈரப்பதம் மிகுந்த ஊரில் காலைக்குள் துரு தெரியும்.

எண்ணெயைப் பற்றியே இன்னொன்று. இது கிரீஸில் ஓடுகிற துப்பாக்கி. சறுக்கி ஓடும் இடங்களில், அதாவது போல்ட்டின் பூட்டுப் பற்கள், ஆப்பரேட்டிங் ராட் ஓடும் பள்ளம், அது குழலோடு உரசும் இடம், இங்கெல்லாம் மெல்லிய கிரீஸ் பூச்சு வேண்டும். எண்ணெய் விட்டால் நான்கைந்து கிளிப் (எட்டுத் தோட்டாவை ஒன்றாகப் பிடிக்கும் உலோகப் பிடி) சுடுவதற்குள் ஓடிப் போய்விடும், இரும்போடு இரும்பு தேய ஆரம்பிக்கும். வாயுச் சிலிண்டரின் உள்பக்கமும் பிஸ்டன் முனையும் மட்டும் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே கிரீஸோ எண்ணெயோ பட்டால் கருகிக் கட்டியாகும்.

சுத்தம் செய்வதிலும் ஆர்வம் அதிகமானால் ஆபத்துதான். ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியைக் குழலின் முன்முனை வழியாகத்தான் விட வேண்டும். வெறும் இரும்புக் கம்பி அந்த முனையில் திரும்பத் திரும்ப உரசினால் வாய் தேய்ந்து, குறி சிதற ஆரம்பிக்கும். பழைய குழல்கள் பலவற்றில் தேய்மானத்துக்குக் காரணம் தோட்டா அல்ல, இந்தக் கம்பிதான். முனையில் மாட்டும் ஒரு சிறு வழிகாட்டிக் குமிழும் மேலுறை போட்ட கம்பியும் மலிவு விலைதான். அதேபோல் சுடும் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. டிரிக்கர் பகுதியை அடிக்கடி கழற்றி மாட்டினால் மரம் நசுங்கிப் பிடிப்பு தளரும், குறியும் அதோடு தளரும்.

மரத்தின் மேல் உப்புத்தாள் போடுவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. ஆயுதச்சாலைப் பரிசோதகர் குத்திய முத்திரைகள் அந்த வால்நட் மரத்தில்தான் இருக்கின்றன. ஒருமுறை தேய்த்துவிட்டால் அவை திரும்பி வராது, துப்பாக்கியின் விலையும் இறங்கும். அழுக்கைத் துடைத்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்தால் போதும். தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்த பிறகு எறியுங்கள்.

வாங்கும்போது "எல்லாப் பாகமும் ஒரே எண்" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டாம். கேரண்டில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான் இருக்கும். மற்ற பாகங்களில் இருப்பவை அந்தந்தப் பாகத்தின் தயாரிப்பு வரைபட எண்கள். ராணுவப் பட்டறைகளில் பழுது பார்த்தபோது பாகங்கள் கலந்துபோனதும் சகஜம். கவனிக்க வேண்டியது வேறு: இரண்டாக வெட்டிக் கழித்துப்போட்ட ரிசீவரை மறுபடி பற்றவைத்து விற்றவர்களும் உண்டு. பற்றவைப்பின் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் தோட்டா போடும் முன் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கு முன் தோட்டாவுக்கு அறையில் இருக்கும் இடத்தை, ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அளந்து வாங்குங்கள்.

கையாளும்போது இரண்டு விஷயங்கள். ஒற்றைத் தோட்டாவை அறைக்குள் வைத்துவிட்டு போல்ட்டை விடக் கூடாது. இதில் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட் வேகமாக மூடும்போது அந்த ஊசி முன்னால் வந்து பிரைமரைத் தொடும், சில சமயம் டிரிக்கரைத் தொடாமலேயே வெடிக்கும். எட்டுத் தோட்டாக் கிளிப்பிலிருந்து உருவும்போது அந்த வேகம் கொஞ்சம் குறைகிறது. ஒவ்வொன்றாகச் சுட வேண்டுமானால் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் துண்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது கட்டைவிரல். போல்ட் சில நேரம் முழுதாகப் பின்னால் பூட்டிக்கொள்ளாமல், தோட்டாக்களை மேலே தள்ளும் தகடான ஃபாலோவரின் மேல் மட்டும் தங்கி நிற்கும். உள்ளே விரல் விட்டு ஃபாலோவரை அழுத்தினால் போல்ட் பாய்ந்து வந்து நகத்தைக் கறுக்கவைத்துவிடும். உள்ளே விரல் வைக்கும்போதெல்லாம் உள்ளங்கையின் ஓரத்தால் ஆப்பரேட்டிங் ராடின் கைப்பிடியைப் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.