விபி6 மென்பொருளிலிருந்து டாட்நெட் டிஎல்எல்லை அழைப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் தேன் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடுவது இன்றும் விபி6-ல்தான் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராமிங் மொழி). பில்லில் யுபிஐ க்யூஆர் கோடு வேண்டும் என்றார் கடைக்காரர். அதற்கு நல்ல லைப்ரரிகள் மைக்ரோசாஃப்டின் பிந்தைய தளமான டாட்நெட்டில், டிஎல்எல் எனும் நிரல் கோப்புகளாக இருக்கின்றன. நன்றாக ஓடும் மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டாம். காம் (வெவ்வேறு மொழிகளில் எழுதிய நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க விண்டோஸ் தரும் வழி) மூலம் இரண்டையும் இணைத்துவிடலாம்.

சி ஷார்ப்பில் ஒரு கிளாஸ் லைப்ரரி தொடங்குங்கள். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 போதும், புதிய டாட்நெட்டில் ரெஜிஸ்டர் செய்யும் முறையே வேறு. ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு ஒரு கிளாஸ். இரண்டுக்கும் காம்விசிபிள் ட்ரூ (காமுக்குத் தெரியும்படி), தனித்தனி ஜியுஐடி (அடையாள எண்). கிளாஸுக்கு ஆர்குமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் கட்டாயம். தொகையை ஸ்ட்ரிங்காகவே வாங்குங்கள், விபி6-ல் டெசிமல் வகையில் மாறி அறிவிக்க முடியாது. க்யூஆர் படத்தை பிஎம்பி கோப்பாகச் சேமித்து, அது இருக்கும் இடத்தை மட்டும் திருப்பி அனுப்புங்கள். விபி6-ன் லோட்பிக்சர் பிஎன்ஜியைத் திறக்காது.

அடுத்தது ரெஜிஸ்டர் செய்வது, அதாவது டிஎல்எல்லை விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவது. இங்கே நிதானம் தேவை. சாதாரண காம் டிஎல்எல்களைப் பதியும் ரெக்எஸ்விஆர்32 இதற்கு உதவாது, டாட்நெட் டிஎல்எல்களைப் பதியும் ரெஜ்அசம்தான் வேண்டும். 64 பிட் விண்டோஸில் ரெஜ்அசம் இரண்டு இருக்கும்: மைக்ரோசாஃப்ட் டாட்நெட் ஃபோல்டருக்குள் ஃபிரேம்வொர்க்கில் ஒன்று, ஃபிரேம்வொர்க்64-ல் ஒன்று. விபி6 32 பிட் என்பதால் முதலாவதை, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். மற்றதை ஓட்டினாலும் வெற்றி என்றுதான் செய்தி வரும். ஆனால் பதிவு 64 பிட் ரெஜிஸ்ட்ரிக்குப் போய்விடும். விபி6 தேடுவது 32 பிட் பதிவுகள் இருக்கும் வாவ்6432நோடில். கிடைக்காமல், ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை என்ற பிழை 429 வரும். கோடில் எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாது.

ரெஜ்அசத்தை ஓட்டும்போது கோட்பேஸ் (டிஎல்எல் இருக்கும் இடத்தைப் பதியும்), டிஎல்பி (கிளாஸ் விவரங்கள் அடங்கிய டைப் லைப்ரரி கோப்பை உருவாக்கும்) என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுங்கள். கோட்பேஸ் இல்லாவிட்டால் டிஎல்எல்லை விபி6 இருக்கும் ஃபோல்டரில் தேடிவிட்டு, கோப்பு இல்லை என்று சொல்லும். ஸ்ட்ராங் நேம் (டிஎல்எல்லுக்கான டிஜிட்டல் கையொப்பம்) இல்லை என்று வருவது எச்சரிக்கை மட்டுமே. டிஎல்பி கோப்பை விபி6 ரெஃபரன்ஸஸில் சேருங்கள். ஓடும்போது பெயரைச் சொல்லி ஆப்ஜெக்டை உருவாக்கும் கிரியேட்ஆப்ஜெக்டை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். எழுத்துப் பிழை கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: மாற்றம் செய்து மறுபடி பில்ட் செய்தால் டிஎல்எல் பயன்பாட்டில் இருக்கிறது என்று வருகிறதா? விபி6 எடிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். எடிட்டரை முழுவதும் மூடிவிட்டு பில்ட் செய்யுங்கள். அப்புறம், கடைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது க்யூஆர் லைப்ரரியின் டிஎல்எல்லையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். ரெஜ்அசத்தை அங்கேயும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.